அம்மாவின் கொழுந்துக் கணக்கும் நான் கற்ற நிரல்மொழியும்



கணனியில் நிரல் எழுதுவது பெரிய படிப்புப் படித்தவர்களின் வேலை என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஹற்றன் நகரில் போட்டோக் கொப்பி எடுக்கும் கடையொன்றில் தட்டச்சு வேலை செய்கிறேன். கடிதம் அடிப்பேன், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். எனக்கும் கணனிக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். இன்று என் அம்மாவின் சம்பளத்தைச் சரிபார்க்கும் சிறிய நிரல் ஒன்றை நானே எழுதி வைத்திருக்கிறேன். அதை எழுதுவதற்காகவே ஒரு நிரல்மொழியைக் கற்றேன். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வீட்டில் கணனி இல்லாத சகோதரிகளும் வாசியுங்கள். இந்தக் கதையின் முதற்பாதிக்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

கொப்பி வந்த கதை

அம்மா பிறந்தது ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. ஆறு வயதுப் பிள்ளையாக இருந்த அம்மாவும் அப்படித்தான் கிளிநொச்சிக்குப் போனார். கலியாணம் முடித்துத் தோட்டத்திலேயே இருந்துவிட்ட பெரியம்மா மட்டும் இங்கே தங்கினார். நான் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சியில். 2009 இல் அப்பாவை இழந்தோம். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, போக்கிடம் வேறு இல்லாமல் 2010 இல் பெரியம்மாவின் லயத்துக்கே வந்து சேர்ந்தோம். முப்பத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு அம்மா தான் பிறந்த மலைக்குத் திரும்பி, தன் தாயார் சுமந்த கூடையைத் தானும் சுமக்கத் தொடங்கினார்.

முகாமில் இருந்த காலத்தில் நம்மில் பலருக்கும் நேர்ந்த ஒன்று எங்களுக்கும் நேர்ந்தது. என்ன இழந்தீர்கள், எப்போது இழந்தீர்கள், ஆதாரம் என்ன என்று ஒவ்வொருவராக வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். காணி உறுதி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, அப்பா சங்கத்தில் பணம் கட்டிய கொப்பியும் இல்லை. எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்தே சொன்னோம். அம்மா சொல்லும் திகதி ஒருமுறை ஒருமாதிரியும் மறுமுறை வேறுமாதிரியும் வரும். கேட்பவர் பேனையை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அன்றன்று நடப்பதை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

2023 கடைசியில் ஒரு நாள் அம்மா சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னா புள்ள, இந்த மாசம் பேரு கொறைஞ்ச மாதிரி இருக்கே” என்றார். வடக்கு, கிழக்கில் உள்ள சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலைக்குப் போய், தோட்டம் நிர்ணயித்த கிலோ கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் தோட்டங்களும் உண்டு. நிர்ணயத்துக்கு மேல் எடுக்கும் கிலோவுக்குத் தனியாகக் காசு. இவையெல்லாம் செக்ரோலில் பதிந்து மாத முடிவில் துண்டாக வரும். அந்த மாதம் எத்தனை நாள் போனோம் என்று அம்மாவுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கேட்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. மறுபடியும் முகாமில் நின்றதுபோல இருந்தது.

2024 தை மாதம் முதலாம் திகதி ஒரு கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு நாள் இரவும் அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டும்போது, திகதி, மலை, காலை நிறை, பகல் நிறை, பின்நேர நிறை, தண்ணீருக்கும் சாக்குக்கும் கழித்த கிலோ என்று கேட்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் வேலை இல்லாத நேரம் பார்த்து, முதலாளியின் அனுமதியோடு அதை எக்செலில் ஏற்றினேன்.

ஒரே ஒரு கட்டத்தால் வந்த வினை

எக்செல் தாளின் மேலே ஒரு கட்டத்தில் நாட்கூலி 1000 ரூபா என்று எழுதினேன். 2021 மார்ச்சிலிருந்து அதுதான் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி. கீழே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியும் மேலேயுள்ள அந்த ஒரு கட்டத்தைப் பார்த்து அன்றைய கூலியைக் கணக்கிடும். மாத முடிவில் நான் கண்ட தொகை, துண்டில் வந்த தொகை, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் என்று மூன்று நிரல்கள். எட்டு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது.

2024 நடுப்பகுதியில் கூலி பற்றிய பேச்சு வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். மே மாதம் 1700 என்றார்கள். பின்னர் உயர் நீதிமன்றத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டது. இறுதியாக செப்டெம்பர் 10 ஆம் திகதி முதல் 1350 என்று வந்தது. செப்டெம்பர் மாதத் துண்டு கைக்கு வந்த அன்று நான் கடையில் கணனியைத் திறந்து, மேலேயுள்ள கட்டத்தில் 1000 ஐ அழித்துவிட்டு 1350 என்று எழுதினேன்.

தாள் முழுவதும் ஒரு நொடியில் மாறியது. தை மாதத்திலிருந்து ஆவணி வரை எட்டு மாதத்துக்கும் சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டிருப்பதாகக் காட்டியது. 150 பேருக்கு 350 ரூபா வீதம் 52,500 ரூபா. எனக்குக் கை நடுங்கியது. யோசிக்காமல் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பீலிக்கரையில் சொல்லிவிட்டார். இருட்டுவதற்குள் பத்துப் பெண்கள் எங்கள் இஸ்தோப்பில் கூடிவிட்டார்கள். “எங்க கணக்கையும் பாரு, நாளைக்கே ஆபீசுக்குப் போவோம்” என்றார்கள்.

எல்லோரும் போனபின் மனம் கேட்காமல் கொப்பியை எடுத்து ஆவணி மாதத்தை மட்டும் கையால் கூட்டினேன். 20 பேர், 1000 ரூபா வீதம் 20,000. துண்டிலும் அதுதான். ஒரு சதமும் குறையவில்லை. பிழை தோட்டத்தில் இல்லை, என் தாளில்தான். கூலி உயர்வதற்கு முந்திய நாட்களுக்கும் புதிய கூலியைப் போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

விடிவதற்கு முன் பிரட்டுக்களத்துக்குப் போய் அந்தப் பத்துப் பேரிடமும் உண்மையைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு அக்கா மட்டும், “நல்ல வேள, இத தூக்கிட்டுப் போயிருந்தா இனி எதக் கேட்டாலும் பொய்க்காரின்னு சொல்லியிருப்பாங்க” என்றார். அந்தச் சொல்தான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. நம்முடைய கணக்கு ஒருமுறை பொய்யானால் அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

தம்பி சொன்ன விளக்கம்

எங்கள் லயத்துத் தம்பி ஒருவர் பல்கலைக்கழகத்தில் கணனிப் படிப்புப் படிக்கிறார். தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது அவரிடம் தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “அக்கா, எக்செல் பிழை விடல. நீங்க சொன்னத சொன்னபடி செஞ்சிருக்கு. எந்தத் திகதிக் கூலின்னு அதுகிட்ட நீங்க சொல்லவே இல்லையே” என்றார்.

பிறகு பாடசாலையில் படித்த ‘சார்பு’ நினைவிருக்கிறதா என்று கேட்டார். கணித பாடத்தில் வருமே, ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒரு விடையைத் தரும் அதுதான். மாவரைக்கும் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி போட்டால் அரிசிமா வரும், குரக்கன் போட்டால் குரக்கன்மா வரும். இன்று போட்டாலும் நாளை போட்டாலும் அரிசிக்கு அரிசிமாதான். முழு நிரலையும் இப்படிப்பட்ட சிறு சிறு சார்புகளாகக் கட்டுவதைச் சார்பு நிரலாக்கம் என்கிறார்கள். அதில் முக்கியமான விதிகள் இரண்டு. ஒன்று, சார்புக்குத் தேவையானவை எல்லாவற்றையும் அதன் கையில் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில் உள்ள கட்டத்தை அது களவாகப் பார்க்கக் கூடாது. மற்றது, ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்த பிறகு அதை அழித்து எழுதக் கூடாது.

நான் இந்த இரண்டையும்தான் மீறியிருந்தேன். கூலி என்பது திகதியோடு சேர்ந்தது. நான் திகதியை விட்டுவிட்டு ஒரு கட்டத்தில் கூலியை வைத்தேன். பின்னர் பழையதை அழித்துப் புதியதை எழுதினேன். எட்டு மாத வரலாறும் அந்த ஒரு அழிப்போடு மாறிப்போயிற்று.

இது புதிய யோசனை அல்ல. 1930 களில், கணனிகள் வருவதற்கு முன்பே, அமெரிக்கக் கணித அறிஞர் அலன்சோ சர்ச் சார்புகளை மட்டும் வைத்துக் கணிப்பு செய்யும் முறையொன்றை வகுத்தார். அதற்கு லாம்டா கணிதம் என்று பெயர். 1958 இல் ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் என்ற மொழியைத் தொடங்கினார். அதன் வழியில் பல மொழிகள் வந்தன. வெளிநாட்டில் உள்ள உறவுகளோடு நாம் பேசும் வட்ஸ்அப்பின் வழங்கிக் கணனிகள் கூட எர்லாங் என்ற சார்பு மொழியில் கட்டப்பட்டவைதான். இன்னொரு விடயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஹஸ்கெல் என்ற சார்பு மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ், எக்செல் சூத்திரங்களும் ஒரு சார்பு மொழியே என்று சொல்லி வந்தவர். நாமே ஒரு சார்பை எழுதிப் பெயர் வைக்கும் வசதி 2020 டிசம்பரில் எக்செலுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் பெயரும் லாம்டாதான். அப்படியானால் எட்டு மாதமாக நானும் என்னை அறியாமல் ஒரு சார்பு மொழியில்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்!

என் பிழையை எக்செலிலேயே திருத்தியிருக்கலாம். திகதிவாரியாகக் கூலி அட்டவணை ஒன்றைப் போட்டால் போதும். ஆனால் அரைப்பேர், மேலதிகக் கிலோ, கழிவு என்று சேரச் சேரச் சூத்திரங்கள் நீண்டுவிட்டன. நானே எழுதியதை ஒரு மாதம் கழித்து எனக்கே வாசிக்க முடியவில்லை. அதனால் தம்பி, புதிதாகப் படிப்பவர்களுக்கும் ஏற்ற ரக்கெற் என்ற மொழியைச் சொன்னார். லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. 2010 வரை வேறு பெயரில் இருந்தது. இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படிக்க ‘ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்’ என்ற புத்தகமும் உண்டு. 2001 இல் வந்து, 2018 இல் திருத்திய இரண்டாம் பதிப்புக் கண்டது. எழுதிய நால்வருள் ஒருவர் ஷ்ரிராம் கிருஷ்ணமூர்த்தி. இதையும் இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். ஆங்கிலப் புத்தகம்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வாசித்தேன். பழைய மடிக்கணனி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினேன்.

முதல் செடியும் மீதி நிரையும்

தொடக்கத்தில் மிகவும் தடுமாறினேன். ரக்கெற்றில் எல்லாம் அடைப்புக்குறிக்குள் இருக்கும். செய்ய வேண்டிய செயல் முதலில் வரும், எண்கள் பின்னால் வரும். இரண்டையும் மூன்றையும் கூட்ட (+ 2 3) என்று எழுத வேண்டும். ஒரு அடைப்புக்குறி குறைந்தாலும் ஓடாது. ஒரு தடவை நிறையை எண்ணாக எழுதாமல் “18 கிலோ” என்று சொல்லாக எழுதிவிட்டேன். எண் எதிர்பார்த்தேன், நீ சொல்லைக் கொடுத்திருக்கிறாய் என்ற பொருளில் செய்தி வந்தது. அது திட்டுவதாக எனக்குப் பட்டது. பிறகுதான், எந்த இடத்தில் பிழை என்று காட்டித் தருகிறது எனப் புரிந்தது. இந்த மொழியில் அழித்து எழுதவும் வழி உண்டு. ஆனால் தொடக்க நிலையில் அந்தக் கதவை மூடியே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நல்லதாகவே போயிற்று.

அந்தப் புத்தகம் கற்றுத்தந்த ஒரு ஒழுங்கை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். சார்பை எழுதுவதற்கு முன், உள்ளே என்ன போகும், வெளியே என்ன வரும் என்று எழுது. அடுத்து, கையால் கணக்குப் பார்த்து இரண்டு மூன்று உதாரணங்களை விடையோடு எழுது. அதன் பிறகே சார்பை எழுது. எழுதி முடித்ததும் கணனி உன் உதாரணங்களையெல்லாம் போட்டுப் பார்த்து, விடை ஒத்துவராவிட்டால் சொல்லும். எனக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கொப்பி நிறைய உதாரணங்கள் இருந்தன.

முதலில் எழுதியது ‘கூலிவீதம்’ என்ற சார்பு. மொழியின் அடிப்படைச் சொற்கள் ஆங்கிலமானாலும், நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். திகதியை 20240910 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் ஒரே எண்ணாக எழுதினேன். இப்படி எழுதினால் பிந்திய திகதி எப்போதும் பெரிய எண்ணாக இருக்கும், ஒப்பிடுவது சுலபம். (கூலிவீதம் 20240909) என்று கேட்டால் 1000 வர வேண்டும். (கூலிவீதம் 20240910) என்று கேட்டால் 1350 வர வேண்டும். இரண்டும் சரியாக வந்த இரவு, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிக் காட்டினேன். “இதுக்குத்தானா எழுப்புன?” என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்தது மாதக் கணக்கு. ஒரு மாதத்து நாட்களையெல்லாம் ஒரு பட்டியலாக வைத்து எப்படிக் கூட்டுவது? புத்தகம் சொன்ன வழி எனக்கு முதலில் விளங்கவில்லை. பட்டியலின் முதலாவதைப் பார், மீதியை அதே சார்பிடம் கொடு, பட்டியல் வெறுமையானால் பூச்சியம் என்று சொல் என்று இருந்தது. ஒரு சார்பு தன்னையே எப்படிக் கூப்பிடும் என்று மூன்று நாள் குழம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போன அம்மாவோடு நானும் போனேன். அம்மா நிரையில் இறங்கி முதல் செடியில் கை வைத்தார். அது முடிந்ததும் மீதி நிரை. அதிலும் முதல் செடி, பிறகு மீதி. நிரை முடிந்தால் வேலையும் முடிந்தது. எந்தச் செடியானாலும் கை செய்வது ஒரே வேலைதான். அங்கே நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. அன்றிரவே மாதக் கணக்குச் சார்பை எழுதினேன்.

சோதித்துப் பார்த்தது என்னைக் குழப்பிய அதே செப்டெம்பர் மாதத்தை வைத்துத்தான். 9 ஆம் திகதி வரை 6 பேர், 10 ஆம் திகதியிலிருந்து 13 பேர். (+ (* 6 1000) (* 13 1350)) என்று கையால் பார்த்தால் 23,550 ரூபா. நிரலும் 23,550 என்றது. பழைய தாளோ 19 பேருக்கும் 1350 போட்டு 25,650 என்று காட்டியிருந்தது. 2,100 ரூபா பொய்க் கணக்கு.

பிறகு சேமலாப நிதிக்கும் ஒரு சார்பு எழுதினேன். சட்டப்படி குறைந்தது 8 வீதம் நம் சம்பளத்திலிருந்து கழிக்க வேண்டும், நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். அதைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் நிர்வாகமே கட்ட வேண்டும். 1350 ரூபாப் பேர் ஒன்று விடுபட்டால் அந்த நாட்கூலி மட்டும் போவதில்லை. நிர்வாகம் நம் பெயரில் கட்ட வேண்டிய 162 ரூபாவும், 40 ரூபா 50 சதமும் சேர்ந்தே போகும். வயதான காலத்தில் கையில் வரவேண்டிய பணம் அது. அம்மாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கு இந்தக் கணக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்று உங்களுக்கு விளங்கும்.

ஆபீஸ் படியேறிய நாள்

2025 ஜூன் மாதத் துண்டு வந்தபோது நிரலின் விடையும் துண்டும் ஒத்துவரவில்லை. ஒரு பேர் குறைந்தது. மேலதிகக் கிலோவிலும் 7 குறைந்தது. இம்முறை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் கொப்பியைக் கையால் கூட்டிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. அடுத்து, நிர்ணயத்துக்கு மேல் சரியாக 7 கிலோ எடுத்த நாட்களை மட்டும் தெரிந்தெடுக்கும்படி நிரலிடம் கேட்டேன். அரிசியைச் சல்லடையில் போடுவது போன்ற வேலை. ஒரே ஒரு நாள் மிஞ்சியது, ஜூன் 19. கொப்பியில் அந்த வரியைப் பார்த்தால், அன்று அம்மாவை வேறு டிவிசன் மலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அம்மாவும் நானும் கொப்பியோடு ஆபீசுக்குப் போனோம். கூட்டம் கூட்டவில்லை, சத்தம் போடவில்லை. “ஐயா, ஜூன் 19 ஆம் திகதி மற்ற டிவிசன் செக்ரோலைக் கொஞ்சம் பாருங்கள்” என்று மட்டும் கேட்டோம். கிளாக்கர் ஐயா எடுத்துப் பார்த்தார். அம்மாவின் பெயர் அங்கே இருந்தது. அடுத்த மாதத் துண்டில் அந்தப் பேரும் 7 கிலோவும் நிலுவையாக வந்து சேர்ந்தன.

திரும்பி வரும் வழியில் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு கேள்வியும் கேக்காம எடுத்துப் பாத்தாரு இல்ல?” என்றார். முகாமில் நாங்கள் பதில் சொன்ன நாட்களைத்தான் அவரும் நினைத்திருக்க வேண்டும். அன்று எங்களிடம் திகதி இல்லை. இன்று இருந்தது.

இப்போது அந்தப் பத்துப் பெண்களில் ஆறு பேர் கொப்பி எழுதுகிறார்கள். மாதம் ஒருமுறை அவர்களின் கணக்கையும் பார்க்கிறேன். ஒத்துவராத கணக்குகளில் சிலவற்றில் பிழை எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு அக்கா கிளினிக் போன நாளையும் வேலைநாளாக எழுதியிருந்தார். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கணக்கு நமக்குப் பாதகமாக வந்தாலும் கணக்குத்தான். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், 2026 ஜனவரியிலிருந்து நாட்கூலி 1550 என்றும் அதற்கு மேலாக வருகைக்கு அரசு 200 ரூபா கொடுக்கும் என்றும் அறிவித்தபோது நான் பதறவில்லை. கூலிவீதச் சார்பில் திகதியோடு ஒரு வரி, வருகைக் கொடுப்பனவுக்கு இன்னொரு சிறு சார்பு. பழைய மாதங்களில் ஒரு எண்ணும் அசையவில்லை.

நீங்களும் தொடங்கலாம்

சகோதரிகளே, எல்லோரும் ரக்கெற் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏதாவது ஒன்றைக் கற்க விரும்பினால், உங்கள் வீட்டில் உண்மையாகவே தீர வேண்டிய ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். சீட்டுக் கணக்காக இருக்கலாம், நுண்கடன் தவணையாக இருக்கலாம், தையல் கூலியாக, பால் கணக்காக, கோழிக்குப் போட்ட தீனியாக இருக்கலாம். சும்மா படித்திருந்தால் அடைப்புக்குறியைக் கண்ட அன்றே நான் விட்டுவிட்டிருப்பேன். அம்மாவின் துண்டு கையில் இருந்ததால் விடவில்லை.

நான் கைக்கொள்ளும் சில பழக்கங்கள் இவை.

அன்றன்றே எழுதுங்கள். திகதி இல்லாமல் எதையும் எழுத வேண்டாம்.

பிழையாக எழுதிவிட்டால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு, கீழே சரியானதைத் திகதியோடு எழுதுங்கள். பழையதும் தெரிய வேண்டும்.

கூலி, வட்டி, விலை போன்றவை மாறும். அவை எந்தத் திகதியிலிருந்து மாறின என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

கணனி சொல்வதை உடனே நம்பி வெளியே போகாதீர்கள். ஒரு மாதத்தையாவது கையால் கூட்டிப் பாருங்கள்.

துண்டு, பற்றுச்சீட்டு எதையும் எறியாதீர்கள். ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

கணனி இல்லாதவர்கள் இந்த ஐந்தையும் ஒரு கொப்பியில் செய்யலாம். கணனி கிடைக்கும்போது அந்தக் கொப்பி உங்களுக்காகக் காத்திருக்கும். எங்கள் முதல் கொப்பி எப்போதோ நிறைந்துவிட்டது. இப்போது மூன்றாவது கொப்பி நடக்கிறது. இன்று பின்நேர நிறையை இன்னும் எழுதவில்லை. அம்மா மலையிலிருந்து வருகிற நேரமாகிவிட்டது.